எங்கள் கடையில் யாரும் உட்காரக் கூடாது

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. அருப்புக்கோட்டை பஜாரில் எங்களுக்கு ஒரு ரெடிமேட் துணிக்கடை இருக்கிறது. என் மாமனார் காலத்துக் கடை. நைட்டி, சுடிதார், பிள்ளைகள் துணி என்று நாலு கவுண்ட்டர். வேலைக்கு எட்டுப் பெண்கள். சரக்கு எடுக்கப் போவது, வெளி வேலைகள் எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். காலையில் கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் கல்லாவில் இருப்பது நான்.

இருப்பது என்றா எழுதினேன்? உட்கார்ந்திருப்பது. எனக்கு இடுப்பு வலி உண்டு என்று மதுரையிலிருந்து மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்று வீட்டுக்காரர் வாங்கிப் போட்டிருந்தார். துணி எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. வேலை பார்க்கிறவர்களுக்கு எதுவும் கிடையாது. காலை ஒன்பதரைக்கு வந்தால் ராத்திரி கடை அடைக்கிற வரை நிற்க வேண்டியதுதான். மத்தியானம் சாப்பிடுகிற அரைமணி நேரம் மட்டும் பின்னால் குடோனில் தரையில் உட்காரலாம். இது என் மாமனார் வைத்த சட்டம். படியேறி வருகிற ஆட்களுக்குக் கடைப் பெண்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால், இங்கே வியாபாரமே இல்லை போல என்று அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள் என்பார். அவர் காலமான பிறகும் அந்தச் சட்டம் இருந்தது. அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கிற மாதிரி என் கால் என்றைக்கும் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

நைட்டி கவுண்ட்டரில் ஒரு பெண் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். திருச்சுழி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஆறு வருடமாக எங்களிடம் வேலை. கிறிஸ்தவர். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார், ஒருநாள் கூடத் தாமதமானதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு வேண்டும், கோயிலுக்குப் போகணும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார். மற்றபடி எதையும் கேட்காத மனுஷி. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் உள்ளே நுழையும்போதே "அந்த அக்கா இருக்காகளா" என்றுதான் கேட்பார்கள்.

பிள்ளைகள் துணி கவுண்ட்டரில் பாளையம்பட்டியிலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆறாவது மாதம். சாயங்காலம் ஆனால் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்து நிற்கும். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் போயிருந்தார். கடை கேமரா அவர் போனில் தெரியும். உடனே எனக்குப் போன் வந்தது. நான் எழுந்து போய், அப்போதுதான் உள்ளே வந்த இரண்டு பேர் முன்னாலேயே அந்தப் பெண்ணைச் சத்தம் போட்டேன். அவள் எழுந்து நின்றாள். கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கொஞ்ச நேரத்தில் நைட்டி கவுண்ட்டர்ப் பெண் கல்லாவுக்கு வந்தார். ஒரு ஸ்டூல் போட்டால் என்ன அக்கா, ஆள் வந்தால் எழுந்துவிடுவோம் என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்றேன். மறுநாள் திரும்பக் கேட்டார். அண்ணாச்சியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பிள்ளைகள் துணி கவுண்ட்டருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அந்தச் சின்னப் பெண் உட்காரவா வேண்டாமா என்று என்னையே பார்த்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் கடையில் என் முன்னாலேயே இப்படி ஒரு காரியம். ஸ்டூலை எடுத்து வாசல் படியோரம் வைக்கச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எல்லோரும் கேட்க அவரைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை தவறாமப் போறியே, மொதலாளிய எதுத்து நிக்கணும்னுதான் அங்க சொல்லிக் குடுக்காகளா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கவில்லை. "எதுத்து நிக்கச் சொல்லலக்கா. களைச்சுப் போனவுகள உக்கார வைக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்காக" என்றார். சொல்லிவிட்டுப் போய் நைட்டிகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குக் கடை அடைக்கிற வரை வேலை பார்த்தார். கிளம்பும்போது ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதும் போல "வாரேங்க்கா" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

தீபாவளிச் சரக்கு லோடு லோடாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எந்த அளவு எந்த அடுக்கில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தலைகீழாகத் தெரியும். நாங்கள் தேடி எடுப்பதற்குள் வந்த ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். போன் செய்தேன். எடுத்தார். மரியாதையாகப் பேசினார். "இனி வரலக்கா, வேற ஆளப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர், நீ பேசின பேச்சுக்கு நீதான் போய்க் கூப்பிடணும் என்று சொல்லிவிட்டார். சம்பளம் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்லு, வந்துவிடும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குத் திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். காரை வீட்டுக்காரர் எடுத்துப் போயிருந்தார். அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நானும் பார்க்கிறேன், யாராவது எழுந்து இடம் தருவார்களா என்று. எல்லோரும் ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும் போல ஆகிவிட்டது.

ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில் இறங்கினால் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றார்கள். ஆட்டோ எதுவும் இல்லை. ஐப்பசி என்று பேர், மழை எட்டிப் பார்க்கவில்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது. நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. கிளம்புகிற அவசரத்தில் மாத்திரை போட்டேனே தவிர, சரியாகச் சாப்பிடவில்லை. பாதித் தூரத்திலேயே கை நடுங்க ஆரம்பித்தது. ஊருக்குள் நுழைந்து அவர் வீட்டைக் கேட்டு விசாரித்தால், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆள், கோயிலில் இருப்பார் என்று கை காட்டினார்.

ஓடு போட்ட சின்னக் கோயில். மேலே சிமெண்டுச் சிலுவை. வாசலில் ஒரு வேம்பு. படியில் கால் வைத்ததுதான் தெரியும், கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "சர்க்கரையாம்மா?" என்றார். தலையாட்டினேன். கருப்பட்டியை உடைத்துக் கரைத்துக் கொடுத்தார்கள். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். இன்னொருத்தர் இரண்டு பாய்களைச் சுருட்டி என் காலடியில் கொடுத்து, காலை உயர்த்தி வைத்தார். நான் யார், எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்தேன், என்ன சாதி, என்ன சாமி, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். ஆராதனை எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் பத்துப் பதினைந்து பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். சிலர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். வாசலோரம் இரண்டு விறகுக் கட்டுகள் சாத்தியிருந்தன. பின்பக்கம் ஏதோ கொதிக்கிற வாசம் வந்தது. எனக்கு அந்த இடம் புதிது, ஆட்கள் புதிது. ஆனால் பயமே இல்லை. கண்ணை மூடினேன். பகலில் படுத்துப் பல வருடம் ஆகிறது எனக்கு. ஒன்றரை மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது கரண்ட் போயிருந்தது. ஆனால் முகத்தில் காற்று பட்டது. திரும்பினால், நான் தேடி வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தவர், யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று வந்து பார்த்திருக்கிறார். அங்கே இருந்த யாரிடமும் நான் யாரென்று அவர் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. சொல்லியிருந்தால் நான் எந்த முகத்தோடு எழுந்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சம்பளம் கூட்டித் தருகிறோம் என்பதைப் பஸ்ஸில் வரும்போது நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அது வாயிலேயே வரவில்லை. இங்கே எல்லோரும் இப்படிப் படுத்திருக்கிறார்களே, இது வழக்கமா என்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் கதவைப் பூட்டுவதில்லை என்றார். வாரம் பூராவும் காட்டு வேலை, விறகைக் கரியாக்குகிற கரிமூட்டம், மில்லு என்று அலைகிற பெண்கள் வீட்டுக்குப் போனால் அங்கேயும் வேலை காத்திருக்கும். அதனால் ஆராதனை முடிந்ததும் இங்கேயே கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் போவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். எங்கள் கோயிலுக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை, வந்தவர்களை எழுந்து போ என்றும் சொல்வதில்லை என்றார்.

அப்புறம் விசிறியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு அவராகவே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். வேலை கேட்டுப் போனாலும், காய்ச்சல் என்று சொல்லப் போனாலும், பெரிய வீட்டு வாசலில் நின்றுதான் பேச வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. இவர்கள் சாதிக்கு அங்கே உட்கார அனுமதி கிடையாது. இந்தக் கோயில் கூரையாக இருந்த காலத்தில், ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கி வாசலில் நின்றவரைப் பார்த்து, அப்போது கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் பாயை விரித்து, உள்ளே வந்து உட்காரும்மா என்றாராம்.

"வீட்டுக்கு வெளிய எங்கம்மா உக்காந்த மொத எடம் இதுதாங்க்கா. வேதத்துல என்ன எழுதிருக்குன்னெல்லாம் அவுகளுக்குத் தெரியாது. உக்காருன்னு ஒரு சாமி சொல்லுச்சுன்னு மட்டும் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார்.

எனக்கு என் கடை தெரிந்தது. கவுண்ட்டரைப் பிடித்து எழுந்த அந்தச் சின்னப் பெண் தெரிந்தாள். பெரிய வீட்டு வாசல் எங்கேயோ தூரத்துக் காலத்தில் இல்லை, பஜாரில் என் கல்லாவுக்கு எதிரேதான் இருந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழம இங்க வந்து நான் எளைப்பாறிட்டு, திங்கக்கிழம கால் வீங்கி நிக்கிற பிள்ளையப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா, நான் இங்க கேக்குறதெல்லாம் பொய்யாப் போயிருமேக்கா. அதான் கேட்டேன். ஒங்க மேல எனக்குக் கோவமில்ல" என்றார்.

"எல்லாருக்கும் ஸ்டூலு போட்டா வருவியா?" என்றேன்.

"எல்லாருக்கும்னா வாரேன்" என்றார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடுப்பு வலியால் என்னால் தரையில் மடக்கி உட்கார முடியாது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, அந்த வாரம் பிரசங்கம் செய்ய வந்திருந்த போதகர் ஐயர் மேடையில் கிடந்த தன் நாற்காலியை அவரே தூக்கி வந்து எனக்குப் போட்டார். அங்கே இருந்த ஒரே நாற்காலி. போட்டுவிட்டு அவர் போய்த் தரையில் பெண்களின் பந்திக்கு எதிரே உட்கார்ந்து, சாம்பாரில் முருங்கைக்காய் நிறைய விழவில்லை என்று சமைத்தவரோடு வம்பு பேசிக்கொண்டிருந்தார். நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கூச்சமாகவும் இருந்தது, பசியாகவும் இருந்தது. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

நான் தேடி வந்தவரே விலக்கு வரைக்கும் வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் சிரித்தார். ஆள் உட்கார்ந்திருந்தால் கடை டல்லடிக்கும், அப்பா காலத்திலிருந்து இல்லாத வழக்கம், பஜாரில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அடுக்கினார். நான் சண்டை போடவில்லை. திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போனதும் என் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் துணி கவுண்ட்டருக்குப் பின்னால் போட்டேன். அந்தச் சின்னப் பெண்ணை உட்காரச் சொன்னேன். அவள் உட்கார மாட்டேன் என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவளைச் சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு கல்லாவில் போய் நின்றேன்.

மத்தியானத்துக்குள் கால் கடுக்க ஆரம்பித்தது. நாலு மணிக்கு இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஆறு வருடம், எட்டு வருடம் என்று இந்தப் பெண்கள் எப்படி நின்றார்கள் என்று ஒவ்வொருத்தராகப் பார்த்தேன். இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாக நிற்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தினமும் என் முன்னால்தான் நின்றிருக்கிறது.

வீட்டுக்காரர் போனில் கேமராவைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். என்ன இது என்றார். அவர்களுக்கு ஸ்டூல் வருகிற வரை நானும் உட்காரவில்லை என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமையும் நின்றேன். புதன்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முதுகு சாய்மானத்தோடு எட்டு உயர ஸ்டூல்கள். அவர் பின்னாலேயே வண்டியில் வந்து இறங்கி, ஆடிட்டரிடம் விசாரித்தாராம், கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறதாம் என்றார். ஏதோ அவராகவே கண்டுபிடித்த மாதிரி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் என்றேன். எந்த வழியில் வந்தால் என்ன, வந்து சேர்ந்தாரே.

அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் நைட்டி கவுண்ட்டர்ப் பெண் வந்துவிட்டார்.

அந்தத் தீபாவளிக்கு வியாபாரம் குறையவில்லை. படியேறி வந்த யாரும் திரும்பிப் போகவும் இல்லை. பாலவனத்தத்திலிருந்து வழக்கமாக வருகிற ஒரு அம்மா மட்டும், இப்போதுதான் உங்கள் கடைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது, முன்பெல்லாம் எப்போது பார்த்தாலும் சிடுசிடுவென்று இருப்பார்கள் என்றார். கால் வலித்தால் யார்தான் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு நைட்டி கவுண்ட்டர்ப் பெண் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஜாரில் மற்ற கடைகளுக்கும் போய்ப் பேசினார். முதலாளிகளிடம் பேச வேண்டிய இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மூன்று கடைகளில் போட்டார்கள். ஒரு பாத்திரக்கடைக்காரர், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினார். இன்னும் பல கடைகளில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அவர் விடுவதாக இல்லை. எனக்குத்தான் சில நேரம் அலுத்துப்போகிறது. அவருக்கு அலுப்பதில்லை. அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அங்கே நானும் ஒருநாள் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடியும் எங்களிடமே வேலைக்கு வருகிறாள்.

நான் மாறிவிட்டேனா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்பது மதத்தை. இல்லை, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் திருச்சுழி கோயிலுக்குத்தான் போகிறேன், என் சாமி என் சாமிதான். ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வழியில் அந்த விலக்கில் இறங்கிவிடுகிறேன். இப்போது கையோடு ஒரு பை அரிசியோ பருப்போ கொண்டுபோவேன். சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண்களோடு பாயில் படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அந்த மாதம் பூராவும் உடம்பு லேசாக இருக்கும்.

தான் பெற்ற நிம்மதியைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒருவர் ஆறு வருடம் என் கண் முன்னால் நின்றிருக்கிறார். மயங்கி விழுந்துதான் அவரை நான் பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, அப்படியாவது விழுந்தேனே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது.